ஆறுக்கு ஆறு என்று எழுதிய பத்து வருஷம்

போன வாரம் சங்கீதா போன் செய்தாள். எங்கள் கண் ஆஸ்பத்திரியின் சிவகாசிக் கிளையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிப் போட்ட ஒருவர் பதினோரு வருஷம் கழித்து வந்து, கேரண்டி முடிந்துவிட்டதா, திரும்பச் செய்துவிடுவீர்களா என்று கேட்டாராம். என்ன சொல்லக்கா என்று என்னைக் கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும், படித்த பெண். ஆனால் அந்தப் பதிலை நான் என்ன பாடுபட்டுக் கற்றுக்கொண்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இனி என் சீட்டை யாரும் கிழிக்க முடியாது. எழுதிவிடுகிறேன்.

நான் ஆமத்தூர்க்காரி. அப்பா பருத்தியும் மிளகாயும் போட்டவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு விருதுநகரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இரண்டு வருஷப் பயிற்சி. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் ஒரே வேலை: மனிதர்களை இருபது அடி தள்ளி உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, சுவரில் தொங்கும் சார்ட்டைப் படிக்கச் சொல்வது. அந்த வேலை ரத்தத்தில் ஊறிப்போனது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டை நீட்டும்போதே, மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பார்த்து, உங்களுக்கு வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னவள் நான். அப்படியும் கல்யாணம் நடந்தது. சித்தப்பாவுக்கு ஆபரேஷனும் நடந்தது.

எங்கள் பெரிய டாக்டர் ஒரு பெண். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வெள்ளைக் கோட்டின் இடது பையில் ஒரு பென்சில் இருக்கும், வலது பையில் தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா. துணி அளக்கிற நாடா கண் டாக்டருக்கு எதற்கு என்று புதிதாகச் சேர்ந்த எல்லோரும் சிரிப்போம். வருகிறவரிடம் முதலில் கண்ணைப் பற்றிக் கேட்கமாட்டார். என்ன வேலை என்பார். ‘பட்டாசு வேலை’ என்று சொன்னால் விடமாட்டார். பட்டாசில் என்ன, திரி வைப்பதா, லேபிள் ஒட்டுவதா, பெட்டி போடுவதா, அதை எப்படிப் பிடிப்பீர்கள், கையை நீட்டிக் காட்டுங்கள் என்பார். அவர்கள் காற்றில் அந்த வேலையைச் செய்து காட்டும்போது, கண்ணுக்கும் கைக்கும் நடுவே நாடாவைப் பிடித்து அளந்து பென்சிலால் குறித்துக்கொள்வார்.

பென்சிலுக்கும் காரணம் உண்டு. லேசர் கேட்டு வருகிறவர்களை மூன்று வெவ்வேறு நாள் வரச் சொல்லி மூன்று தடவை அளப்போம். மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் பேனாவால் எழுத வேண்டும். எங்களுக்கெல்லாம் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: “வாய் சொல்றதைக் கேளுங்க. கண்ணு சொல்றதை எழுதுங்க.” அதாவது, ஒருவர் சார்ட்டை எவ்வளவு அழகாகப் படித்தாலும் சரி, கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு ரெட்டினாஸ்கோப்பை எடுக்க வேண்டும். அது ஒரு சின்ன டார்ச் மாதிரி. அதன் ஒளிக்கீற்றைக் கண்மணியின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தினால் உள்ளே ஒரு நிழல் ஓடும். அந்த நிழல் ஓடுகிற திசையையும், அதை நிறுத்த எந்த லென்ஸ் தேவைப்படுகிறது என்பதையும் வைத்து, அவர் வாயே திறக்காமல் பவரைச் சொல்லிவிடலாம். கைக்குழந்தைக்கும் வாய் பேசாதவருக்கும் அப்படித்தான் பார்ப்போம். எல்லோருக்கும் அப்படிப் பார்க்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் நான் பத்து வருஷம் மீறினேன்.

பால்பாண்டி எங்கள் ஆமத்தூர்தான். எனக்கு ஏழெட்டு வயது இளையவன். அவனுடைய அக்காவும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். சிவகாசியில் ஒரு பெரிய அச்சகத்தில் ஆப்செட் மெஷினில் இருந்தான். அந்தக் கம்பெனியில் செக்கர் என்று ஒரு நாற்காலி உண்டு. மெஷினிலிருந்து வருகிற தாளை எடுத்து, நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பட்டாசுப் பெட்டியில் எறும்பு மாதிரி ஊர்கிற எச்சரிக்கை வரிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா, தேதித்தாளில் எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற நாற்காலி. அதில் உட்கார்ந்தவனுக்குக் கம்பெனியில் தனி மரியாதை. ஆனால் அந்த முதலாளிக்கு ஒரு பிடிவாதம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கலர் மாறித் தெரியும், என் செக்கர் வெறும் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பார். பாண்டிக்கு மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது மனிதனா தூணா என்று தெரியாது.

முப்பத்திரண்டு வயதில் லேசர் செய்துகொள்ள வந்தான். மூன்று நாள் வந்தான், மூன்று தடவை அளந்தோம். டாக்டரம்மா கேட்டபோது புரூஃப் தாளைப் பிடிப்பதுபோலக் கைகளை உயர்த்திக் காட்டினான். நாடா முப்பத்து மூன்று சென்டிமீட்டர் காட்டியது. பிறகு அவனுடைய கருவிழியின் கனத்தைச் சொன்னார். ஐந்நூற்று இருபது மைக்ரான். மற்றவர்களுக்கு இதை விளக்க எங்களுக்குத் தொண்டை வறண்டுவிடும். பாண்டி உடனே, அரை மில்லிமீட்டர், நல்ல அட்டைக் கனம் என்றான். லேமினேஷன் பிலிமை மைக்ரான் கணக்கில் வாங்குகிறவனுக்கு நாங்கள் பாடம் எடுக்க வேண்டியதே இல்லாமல் போனது.

அவனும் அதே கேள்வியைத்தான் கேட்டான். எத்தனை வருஷம் கேரண்டி?

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். லேசர் செதுக்கியது செதுக்கியதுதான். அது பூசிய சாயம் கிடையாது, வெளுத்துப்போக. ஆனால் கண் ஓர் உயிருள்ள உறுப்பு. அது கொஞ்சம் வளரலாம், கருவிழி கொஞ்சம் ஆறிப் பழைய பக்கம் திரும்பலாம். சிலருக்கு ஒன்றுமே ஆகாது, சிலருக்குப் பத்து வருஷத்தில் கொஞ்சம் பவர் எட்டிப் பார்க்கும். அப்போது கருவிழியில் கனம் மிச்சமிருந்தால் மறுபடி தொடலாம், இல்லாவிட்டால் முடியாது. அதனால் முதல் தடவையே மிச்சம் வைத்துத்தான் செதுக்குவேன், அடியில் முந்நூறு மைக்ரான் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கணக்கு. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்குகிற வெள்ளெழுத்து எல்லோரையும் போல உங்களுக்கும் வரும், அதற்கும் லேசருக்கும் சம்பந்தமில்லை. இவ்வளவையும் சொன்னார். பாண்டி தலையாட்டினான். அவன் காதில் விழுந்தது நாற்காலி ஒன்றுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அந்தக் காலத்தில் லேசர் மெஷின் மதுரையில்தான் இருந்தது. சனிக்கிழமை காலையில் ஒரு வேனில் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புவோம். மடியில் பைல் கட்டோடு நான் முன்சீட்டில். என் வேலை வாழ்க்கையில் திரும்பக் கொடு என்று கேட்கக்கூடிய நாட்கள் அந்தச் சனிக்கிழமைகள்தான். போகும்போது ஒருவரும் பேசமாட்டார்கள். வேண்டுதல் முடிக்கப் போகிறவர்கள் மாதிரி இருப்பார்கள். உள்ளே ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம். ஒரு சின்ன இயந்திரக் கத்தி கருவிழியின் மேற்பக்கத்தை மெல்லிய மூடியாகச் சீவும், ஓர் ஓரம் ஒட்டியபடியே இருக்கும். மூடியைப் புரட்டி, உள்ளே லேசர் டக் டக்கென்று செதுக்கும். மூடியைத் திரும்பப் படிய வைத்துவிட்டால் தையல் கிடையாது. தலைமயிர் கருகுகிற வாடை மட்டும் அறையில் நிற்கும். திரும்பும்போது திருமங்கலத்தில் டீக்கு நிறுத்துவோம். எட்டுப் பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். கடைக்காரர் முதல் தடவை பயந்துபோய், என்ன விசேஷம் என்று கேட்டார். அப்புறம் பழகிவிட்டது. எங்கள் வேனைக் கண்டாலே எட்டு கிளாஸ் வரிசையாக வைத்துவிடுவார்.

மறுநாள் காலையில் பாண்டியின் கண்களில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மறைப்பை நான்தான் எடுத்தேன். சார்ட்டின் கடைசி வரி வரை படித்தான். படித்துவிட்டு எழுந்து ஓடினான். சுவர் பக்கம் போய்க் குனிந்து, சார்ட்டின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சிரித்தான்.

“யக்கா, இது நம்ம கம்பெனியில அடிச்சது. மெஷின்ல நாந்தேன் நின்னேன்.”

நானும் சிரித்தேன். மதுரையில் கண் சாமான் விற்கிற கடைக்காரர் ஒருவர் அவர்களிடம் ஆர்டர் கொடுத்து அடித்த சார்ட் அது. ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தோம். அவன் சொன்னதை நான் காதால் கேட்டேன், சிரித்தேன், மறந்துவிட்டேன். என் வாழ்க்கையின் பெரிய முட்டாள்தனம் அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

நாற்காலி அவனுக்குக் கிடைத்தது. ஆனால் முதலாளி வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடிப்பெருக்குக்கு முன்னால், கண் சரியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்டார். ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போடுவார்கள். அதோடு சீசன் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு வருஷம் விருதுநகருக்கு வந்து டாக்டரம்மாவிடமே சீட்டு வாங்கினான். பிறகு சிவகாசியில் கிளை திறந்து என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். அங்கே பெரிய மெஷின் எதுவும் கிடையாது. அந்தக் கட்டிலிருந்து எடுத்த ஒரு சார்ட், ஒரு லென்ஸ் பெட்டி, ஒரு ரெட்டினாஸ்கோப், நான். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். கம்பெனி வேனில் வந்தவர்கள், வேன் போவதற்குள் விடுங்கள் என்று வாசலிலேயே சண்டை பிடிப்பார்கள்.

பாண்டி வருவான். உட்கார்ந்ததும் மேல் வரிகளைத் தொடவே மாட்டான். நேராகக் கடைசி வரிக்குப் போய், ட, ப, ர, ம, க, ய என்று கடகடவென்று சொல்வான். மனப்பாடமாகச் சொல்கிறவர்களைப் பிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. அடுத்த கண்ணுக்குக் கடைசியிலிருந்து திருப்பிப் படிக்கச் சொல்லுவோம். அதையும் சொன்னேன். ய, க, ம, ர, ப, ட. தடங்கலே இல்லை. அவன் அச்சுக்காரன், தலைகீழாகவும் இடவலம் மாறியும் எழுத்தைப் பார்த்துப் பழகியவன் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே பைலில் ஆறுக்கு ஆறு என்று பேனாவால் எழுதுவேன். ஆறு மீட்டரில் தெரிய வேண்டியது ஆறு மீட்டரில் தெரிகிறது, குறையில்லாத பார்வை என்று அர்த்தம். சீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். ரெட்டினாஸ்கோப் மேஜை இழுப்பறைக்குள்ளேயே தூங்கும். வெளியே இருபது பேர் நிற்கிறார்கள், நம்மூர்ப் பையன், கண் கிண்ணென்று இருக்கிறது, இவனுக்கு எதற்கு விளக்கை அணைத்து என்று நினைப்பேன். இப்படிப் பத்து வருஷம்.

பதிமூன்றாவது வருஷம் சீட்டுக்கு வந்தபோது முழங்கையில் கட்டு. விடிகாலையில் ஆமத்தூர் ரோட்டில் ஆள் ஏற்ற நின்றிருந்த ஒரு பட்டாசுக் கம்பெனி வேனின் பின்னால் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் இடித்துவிட்டானாம். வேன் விளக்குப் போடவில்லை என்று சொன்னான். உட்கார வைத்தேன். அவனுடைய ஒரு கண்ணை மூடினேன். வழக்கம்போலக் கடைசி வரி: ட, ப, ர, ம, க, ய.

நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். பழைய சார்ட் மஞ்சளடித்துப்போனதென்று முந்தின நாள் சாயந்திரம் நானே கழற்றிவிட்டு வேறு ஊரில் அடித்த சார்ட் ஒன்றை மாட்டியிருந்தேன். அதில் கடைசி வரி ம என்று தொடங்கியது. அவன் படித்த வரி அந்தச் சுவரிலேயே இல்லை.

பேனாவை மூடிவிட்டு விளக்கை அணைத்தேன். ரெட்டினாஸ்கோப்பை எடுத்தேன். இரண்டு கண்ணிலும் நிழல் எதிர்ப்பக்கம் ஓடியது. லென்ஸை மாற்றி மாற்றி வைத்து நிறுத்திப் பார்த்தேன். மைனஸ் இரண்டு. விளக்கைப் போட்டதும் அவன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். திரும்ப லேசர் வைத்துவிடச் சொல்லுங்கள், சீசனுக்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி போய்விடும் என்று கெஞ்சினான். தூரம் மங்கிவிட்டது, அடுத்தது கிட்டப் பார்வையும் போய்விடும் என்று பயந்திருந்தான். எத்தனை வருஷமாக இப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் என் கையெழுத்தில் வந்து நிற்கும் என்று பயந்தேன். நாளைக்கு விருதுநகருக்கு வா, டாக்டரம்மா பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பஸ்ஸில் ஒன்றாகத்தான் போனோம். அவன் சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். நான் அவன் பைலை மடியில் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா பைலைப் புரட்டினார். பத்து வரி, பத்து ஆறுக்கு ஆறு, எல்லாம் பேனா. கடைசியில் நேற்றைய மைனஸ் இரண்டு. கருவிழியைப் படம் எடுத்தார்கள். படம் சந்தேகமாக இருந்தது. மோசம் என்றும் சொல்ல முடியாது, சுத்தம் என்றும் சொல்ல முடியாது. அவர் படத்தையும் பைலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பத்து வருஷம் அசையாமல் இருந்த கண் ஒரே வருஷத்தில் இரண்டு பவர் இறங்கினால் அதற்கு ஒரு காரணம்தான் அவருக்குத் தோன்றும். லேசர் செய்த கருவிழி பலவீனமாகி முன்னால் புடைக்கத் தொடங்கியிருக்கிறது. அப்படியானால் மறு லேசர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மதுரைக்கு அனுப்பி, கருவிழியை இறுக்குகிற சிகிச்சை செய்ய வேண்டும். செய்தாலும் போனது திரும்பும் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் அவர் பாண்டியிடம் மெதுவாகச் சொன்னார். கொஞ்ச மாதத்துக்கு செக்கர் வேலையும் வேண்டாம் என்றார்.

பாண்டி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. வாயைத் திறந்தால் நானும் அவனோடு சேர்ந்து மாட்டிக்கொள்வேன் என்று எனக்காகத்தான் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

“அம்மா, அந்தப் பத்து வரியும் கண்ணு சொன்னது இல்லம்மா. இவன் வாய் சொன்னதை நான் எழுதுனேன். சார்ட்டு இவன் கம்பெனியில அடிச்சது. எனக்கு அது தெரியும்.”

டாக்டரம்மா பாண்டி பக்கம் திரும்பி, உண்மையில் எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டார். அவன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, தூக்குச்சட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கண்ணாடிப் பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தான். ஊரில் யாருக்கும் தெரியாமல் மதுரையில் போய் வாங்கியவை. பெட்டிக்குள்ளேயே கடைச்சீட்டும் மடங்கிக் கிடந்தது. ஒன்று லேசர் செய்து ஏழாம் வருஷம், மற்றது பத்தாம் வருஷம். இரண்டையும் ரோட்டில் மட்டும் போட்டுக்கொள்வானாம், சிவகாசி எல்லைக்கு முன்னாலேயே கழற்றிவிடுவானாம். வேனில் இடித்த அன்று பத்தாம் வருஷக் கண்ணாடியிலும் சரியாகத் தெரியவில்லையாம்.

கண்ணாடியின் பவரை அளக்கிற கருவியில் அவற்றை என்னையே வைத்துப் பார்க்கச் சொன்னார். முதல் கண்ணாடி மைனஸ் முக்கால். இரண்டாவது மைனஸ் ஒன்றேகால். இப்போது இரண்டு. ஆறு வருஷத்தில் படிப்படியாக இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இப்படி மெல்ல இறங்குவது பலருக்கும் நடப்பதுதான் என்றார். மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் படம் எடுத்துப் பார்க்கலாம், நகராமல் இருந்தால் மதுரைக்குப் போக வேண்டாம் என்றார். பின்னால் எடுத்தோம், நகரவில்லை. ஆனால் அன்றைக்கு என் வாய் திறக்காமல் இருந்திருந்தால், தேவையில்லாத ஒரு சிகிச்சையோடு அவன் மதுரையில் படுத்திருப்பான்.

பாண்டிக்கு உயிர் வந்தது. “அப்ப திருப்பி லேசர் வைக்கலாமா டாக்டரம்மா?”

அடியில் மிச்சமிருக்கும் கனத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டால் அவருடைய முந்நூறுக்குக் கீழே இறங்கும். வேறு டாக்டர் ஒத்துக்கொள்ளலாம், நான் தொடமாட்டேன் என்றார். அதோடு நிறுத்தாமல் வலது பையில் கையை விட்டு நாடாவை எடுத்தார்.

“அது கிடக்கட்டும். புரூஃப் எப்படிப் பிடிப்பீக, காட்டுங்க.”

சட்டைப் பையில் ஒரு பட்டாசு லேபிள் மடித்து வைத்திருந்தான். அதை எடுத்துப் பிடித்தான். அதே முப்பத்து மூன்று. டாக்டரம்மா மைனஸ் இரண்டு லென்ஸ் போட்ட சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, வெளியே பாருங்கள் என்றார். ஜன்னலுக்கு வெளியே பஸ் நிலையத்துப் போர்டுகளை எல்லாம் படித்தான். முகம் மலர்ந்துபோனது. இப்போது லேபிளைப் பாருங்கள் என்றார். பார்த்தான். கையைக் கொஞ்சம் தள்ளினான். இன்னும் தள்ளினான். நாற்பத்தைந்து, ஐம்பது என்று நாடா நீண்டது. எச்சரிக்கை வரி அவனுக்குப் பிடிபடவில்லை. டாக்டரம்மா சட்டத்தைக் கழற்றினார். லேபிள் தானாகப் பழைய இடத்துக்கு வந்தது. பொடி எழுத்தை முதலிலிருந்து கடைசி வரை தடங்காமல் படித்தான்.

“உங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு. வெள்ளெழுத்து வந்தாச்சு. இந்த மைனஸ் ரெண்டுதான் அதை மறைச்சு, உங்களை வெறுங்கண்ணோட அந்த நாக்காலியில உக்கார வச்சிருக்கு. அதைப் போய் நான் லேசர் வச்சு அழிச்சேன்னு வைங்க, நாளைக்கே புரூஃப் பாக்கக் கண்ணாடி கேட்டு வருவீக.”

பாண்டி லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். எதை ஆறு வருஷமாகத் தூக்குச்சட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தானோ அதுதான் அவன் சோற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நானும் அழுதேன், எனக்கென்ன.

டாக்டரம்மா சீட்டு எழுதினார். கிட்டப் பார்க்கிற வேலைக்குக் கண்ணாடி இல்லாமல் பார்வை நன்றாக இருக்கிறது, வண்டி ஓட்டவும் தூரம் பார்க்கவும் கண்ணாடி கட்டாயம். உள்ளது உள்ளபடி. பிறகு பைலை என் பக்கம் தள்ளினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பத்து வரியையும் நீயே அடி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘வாயால் சொன்னது’ என்று எழுது, கையெழுத்துப் போடு என்றார். பென்சிலை எடுத்தேன். இதைப் பேனாவால் எழுது கனகம் என்றார். பாண்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்து பத்துத் தடவை எழுதினேன். எனக்குக் கிடைத்த பாராட்டுக் கேடயங்கள் எல்லாம் எந்தப் பரணில் கிடக்கின்றன என்று தெரியாது. அந்தப் பக்கம் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதலாளி அந்தச் சீட்டை வாங்கிப் படிப்பதற்கே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாராம். படித்துவிட்டு, கலர் பார்க்கும்போது கண்ணாடி இல்லைதானே, அது போதும் என்றாராம். அவ்வளவுதான் விஷயம். இதற்காக ஆறு வருஷம் ஒருத்தன் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறான்.

சங்கீதா, அந்த ஆளிடம் சொல்: லேசருக்குக் கேரண்டிச் சீட்டு கிடையாது. முதலில் அவர் வயதைக் கேள், வேலையைக் கேள், கையை நீட்டிக் காட்டச் சொல். அதற்குப் பிறகு கனத்தை அளக்கலாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வருஷா வருஷம் சார்ட்டை மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். அடுத்த ஆடிக்குப் பாண்டி வந்தபோது ஒரு வாரம் முன்னால்தான் புதுசு வந்து மாட்டியிருந்தேன். மடிப்புக்கூடப் போகவில்லை. மூக்கில் கண்ணாடியோடு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, நாலு பேர் பார்க்கவே உள்ளே வந்தான். கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டு இடது கண்ணை மூடினேன். எங்கே, இப்போது சொல் பார்ப்போம் என்று எனக்குள் கொஞ்சம் திமிர். அவன் சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“யக்கா, இதுவும் நம்ம கம்பெனியிலதான் அடிச்சது. புரூஃப் நாந்தேன் பார்த்தேன். வேற மாட்டுங்க.”

“வேற இல்லலே. வாயை மூடிக்கிட்டு நேரா பாரு.”

வெளியே பெஞ்சில் இருபது பேர் இருந்தார்கள். நான் எழுந்து போய் விளக்கை அணைத்தேன்.